முடி நட்ட பிறகு பிஆர்பி போட்டால் பலன் உண்டா? ஒரு நிகழ்வு ஆய்வு

பிஆர்பி என்பது நோயாளியின் சொந்த ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, தட்டணு (ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணு) செறிந்த பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியைப் பிரித்து, தலைத்தோலில் ஊசியாகப் போடுவது. இந்தக் கேஸ் தாளில் வரும் நோயாளி தனியொருவர் அல்லர். ஹேர் டிரான்ஸ்பிளான்ட் முடிந்து இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் ஒரே குறையோடு வரும் பலரது நிலையை ஒரே ஆளாகத் தொகுத்தது இது. அவருடைய அளவுகள் கணக்கு விளங்குவதற்காக வைக்கப்பட்டவை. சிகிச்சை முறையும் காரண விளக்கமும் நடைமுறையில் உள்ளவை.

வந்தபோது இருந்த நிலை

34 வயது ஆண். ஆண் வழுக்கையை 1 முதல் 7 வரை பிரிக்கும் நார்வுட் அளவுகோலில் 4ஆம் நிலை. எஃப்யூஇ முறையில் (மயிர்க்கால்களை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்து நடுவது) முன்தலையிலும் நடுத்தலையின் முன்பாதியிலுமாக ஏறக்குறைய 70 சதுர செ.மீ. பரப்பில் 2,400 கிராஃப்ட் (வேரோடு எடுத்த சிறு முடிக்கொத்து) நட்டு 64 நாள் ஆகியிருந்தது. சதுர செ.மீட்டருக்குச் சுமார் 34 கிராஃப்ட். முதல் அமர்வுக்கு நியாயமான அடர்த்திதான்.

அவர் சொன்ன குறைகள் மூன்று. நட்ட முடி ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டது. நட்ட இடத்துக்குப் பின்னால், உச்சியில் ஏற்கெனவே இருந்த சொந்த முடியும் மெலிந்து மண்டைத்தோல் தெரிகிறது. இதற்கிடையில் 12ஆம் நாளும் 42ஆம் நாளும் இரண்டு பிஆர்பி சிட்டிங் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. மொத்தம் ஆறு சிட்டிங் பேசி முன்பணம் கட்டியாயிற்று. மீதி நான்கைத் தொடர்வதா, விடுவதா என்பதுதான் அவர் கேள்வி.

சோதித்ததில் நட்ட இடத்தில் சிவப்போ வீக்கமோ இல்லை. நான்கைந்து சிறு கொப்புளங்கள் மட்டும் இருந்தன. புது முடி தோலைத் துளைத்து வரும் பருவத்தில் இவை வருவது வழக்கம். வெந்நீர் ஒத்தடத்துக்கே பெரும்பாலும் அடங்கும். உச்சிப் பகுதியில் 50, 60 முடியை விரல்களுக்கிடையே பிடித்து மெதுவாக இழுத்தபோது எட்டு வந்தன. ஆறுக்கு மேல் வந்தாலே அங்கே உதிர்வு நடக்கிறது என்று கொள்ளலாம். தலைத்தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டிரைகோஸ்கோப்பில் பார்த்தால் பருத்த முடிக்குப் பக்கத்திலேயே நூலிழை போன்ற முடிகள் கலந்து நின்றன. பரம்பரை வழுக்கை அங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம். கிராஃப்ட் எடுத்த பின்தலை டோனர் பகுதியில் பஞ்ச் (வட்டத் துளைப்பான்) வைத்த புள்ளிகள் ஆறியிருந்தன.

ரத்தத்தில் தட்டணு மைக்ரோலிட்டருக்கு 2.2 லட்சம், ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 42 சதவீதம். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), தைராய்டு அளவு சரி.

மருந்து பற்றிக் கேட்டபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் 5 சதவீத லோஷனை அறுவைக்கு ஒரு வாரம் முன்பு நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், அது முறைதான். இரண்டு ஆண்டாகச் சாப்பிட்டுவந்த ஃபினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரையையும் கூடவே அவராக நிறுத்திவிட்டார். அறுவைக்குப் பிறகு இரண்டையும் திரும்பத் தொடங்கவே இல்லை. "அதான் பிஆர்பி போடுறோமே" என்பது அவருக்குக் கிடைத்த பதில்.

கொட்டியது எது, ஏன்

மூன்று வேறு உதிர்வுகள் ஒரே தலையில் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பிஆர்பி பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை.

முதலாவது, நட்ட முடி. கிராஃப்டை வெளியே எடுத்து நடும் அதிர்ச்சியில் மயிர்க்கால் ஓய்வு நிலைக்குப் போய்விடும். 2 முதல் 6 வாரத்துக்குள் தண்டு மட்டும் உதிரும். வேர் தோலுக்குள் இருக்கும். 3 அல்லது 4 மாதத்தில் மெல்லிய முடியாக வெளியே வந்து, மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்ந்து, 12 மாதத்தில் முழு உருவத்துக்கு வரும். உச்சி இன்னும் தாமதம், 15 முதல் 18 மாதம். ஆக 64ஆம் நாளில் நட்ட இடம் வெறுமையாக இருப்பது நோயே அல்ல.

இரண்டாவது, ஷாக் லாஸ். நட்ட இடத்துக்குள்ளும் ஒட்டியும் இருந்த சொந்த முடி, துளையிட்ட அதிர்ச்சியிலும் ரத்த ஓட்டம் தற்காலிகமாகக் குறைந்ததிலும் உதிர்வது. இதில் திடமான முடி பெரும்பாலும் திரும்ப வரும். ஏற்கெனவே மெலிந்து கடைசிச் சுற்றில் இருந்தவை வராமலே போகலாம்.

மூன்றாவது, மருந்து நின்றதால் வந்த உதிர்வு. மினாக்சிடில் தாங்கிப் பிடித்திருந்த முடி, அதை நிறுத்திய சில மாதங்களில் கொட்டும். ஃபினாஸ்டரைடு நின்றால், முடியை மெலிய வைக்கும் டிஹெச்டி ஹார்மோன் பழைய அளவுக்கு ஏறி, மெலிவு மறுபடி தொடங்கும். உச்சி நட்ட இடத்திலிருந்து தள்ளி இருந்தும் அங்கே முடி கொட்டியதற்கு ஷாக் லாஸை மட்டும் காரணம் சொல்ல முடியாது. இவரிடம் இந்த மூன்றாவதே பெரிய பங்கு.

கிராஃப்ட் பிழைப்பதும் சாவதும் எப்போது முடிவாகிறது

பிஆர்பி பேச்சில் அதிகம் குழப்பப்படும் இடம் இது. நட்ட முதல் இரண்டு மூன்று நாள் கிராஃப்டுக்கு ரத்தக் குழாய் இணைப்பு கிடையாது; சுற்றிலும் ஊறும் பிளாஸ்மாவை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. பிறகு நுண்குழாய்கள் இணைகின்றன. 10 நாள் கழிந்த பிறகு முடியைப் பிடித்து இழுத்தாலும் கிராஃப்ட் வெளியே வராது. அதாவது எத்தனை கிராஃப்ட் பிழைக்கும் என்ற கணக்கு, அறுவை மேசையிலிருந்த அந்தச் சில மணி நேரத்திலும் அடுத்த வாரத்திலும் பெரும்பாலும் முடிந்துபோகிறது.

அந்த மேசை நேரத்தின் எடையை 1992இல் லிம்மர் என்ற மருத்துவர் வெளியிட்ட கணக்கு காட்டுகிறது. குளிர்ந்த சலைனில் (உப்புநீர்க் கரைசல்) வைத்த கிராஃப்டுகள் 2 மணி நேரத்தில் நட்டபோது 95 சதவீதமும், 4 மணியில் 90 சதவீதமும், 6 மணியில் 86 சதவீதமும், 24 மணியில் 79 சதவீதமும் பிழைத்தன. நம் நோயாளியின் அறுவைக் குறிப்பில் காலை முழுவதும் 2,400 கிராஃப்டையும் எடுத்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகே நடத் தொடங்கியிருந்தார்கள். முதலில் எடுத்தவை 5 மணி நேரத்துக்கு மேல் கிண்ணத்தில் கிடந்திருக்கும். கிராஃப்ட் எங்கேயாவது வீணாகியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கிண்ணத்தை. ஃபோர்செப்ஸால் (இடுக்கி) வேர்க் குமிழை நசுக்குவது, கையுறை மேல் வைத்த கிராஃப்ட் காய்ந்துபோவது, துளைக்குப் பொருந்தாத பருமன் ஆகியவை அடுத்த காரணங்கள். இவை எதையும் 12ஆம் நாளில் போடும் ஊசி திருத்தாது.

நட்டு இரண்டு வாரம் கழித்துப் போடும் பிஆர்பியால், செத்த கிராஃப்டை எழுப்ப முடியாது. பிடித்துக்கொண்ட கிராஃப்டைப் "பிழைக்க" வைக்க வேண்டிய தேவையும் இல்லை. அதிகபட்சம் அது செய்யக்கூடியது, ஓய்வில் இருக்கும் மயிர்க்காலைச் சற்று முன்னதாக வளர் நிலைக்குத் தள்ளுவதும், சுற்றியுள்ள சொந்த முடியைத் தடிப்பாக்குவதும்.

முதல் இரண்டு சிட்டிங்கில் போனது என்ன

சிட்டிங் சீட்டில் இருந்த விவரம்: ஊதா மூடி போட்ட ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) டியூப் இரண்டு, தலா 8 மி.லி. ரத்தம்; சென்ட்ரிஃபியூஜில் (டியூபை வேகமாகச் சுழற்றும் எந்திரம்) 3500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3500 சுழற்சி) 10 நிமிடம், ஒரே சுற்று; மேலே தெளிந்த மஞ்சள் திரவத்தில் 4 மி.லி. எடுத்து, தட்டணுவைத் தூண்டக் கால்சியம் குளோரைடு கலந்து ஊசி. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் நான்கு பிழைகள்.

ஆர்பிஎம் என்பது வேகம், விசை அல்ல. டியூபுக்குள் அணுக்கள் உணரும் விசையை ஜியில் (புவியீர்ப்பின் மடங்கில்) கணக்கிட வேண்டும்: 0.00001118ஐ மையத்திலிருந்து டியூப் அடி வரையான ஆரத்தால் (செ.மீட்டரில்) பெருக்கி, ஆர்பிஎம்மால் இருமுறை பெருக்கினால் வரும். அதே 3500 ஆர்பிஎம், 8 செ.மீ. ஆரமுள்ள சின்ன மேசை சென்ட்ரிஃபியூஜில் சுமார் 1,100 ஜி, 15 செ.மீ. ஆரமுள்ள பெரிய எந்திரத்தில் 2,050 ஜி. ஒருவர் எழுதிய ஆர்பிஎம்மை இன்னொருவர் தன் எந்திரத்தில் வைத்தால் இரட்டை விசை விழுந்துவிடும்.

1,100 ஜியில் 10 நிமிடம் சுற்றினால் தட்டணுக்களும் கீழே இறங்கி, சிவப்பணுப் படலத்தின் மேல் வெள்ளைக் கோடாகப் படிந்துவிடும். மேலே தெளிவாக மின்னுவது தட்டணு குறைந்த பிளாஸ்மா. அதைத்தான் உறிஞ்சி ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள். பார்த்தவுடன் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சிரிஞ்சை விளக்குக்கு எதிரே பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தட்டணு செறிந்த பிளாஸ்மா லேசாகக் கலங்கலாக இருக்கும். புகை சுழல்வது போலப் பட்டுப் பளபளப்பு ஓடும். கண்ணாடி போலத் துலக்கமாக இருந்தால் அதில் சரக்கு இல்லை. இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு கலந்துவிட்டது. ஊசி போட்ட இடம் எரியும், வீங்கும்.

சரி, விசையைக் குறைத்து எல்லாத் தட்டணுவும் பிளாஸ்மாவிலேயே மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹீமட்டோகிரிட் 42 என்றால் 16 மி.லி. ரத்தத்தில் பிளாஸ்மா 9.3 மி.லி. அதில் தட்டணு மைக்ரோலிட்டருக்கு 3.8 லட்சம், அதாவது 1.7 மடங்கு. ஒரே சுற்றில் பிரிந்த பிளாஸ்மாவை மேலாக எடுத்தால் இந்தக் கூரையைத் தாண்டவே முடியாது. 10 லட்சத்தை ஒட்டிய செறிவைத்தான் பொதுவாகக் குறிவைக்கிறார்கள்.

ஈடிடிஏ மூன்றாவது சிக்கல். ரத்த எண்ணிக்கைக்கு அது நல்லது. ஆனால் தட்டணுவை வீங்க வைத்து அதன் வடிவத்தைக் கெடுக்கும். சிகிச்சைக்கு எடுக்கும் ரத்தத்துக்கு ஏசிடி-ஏ அல்லது சோடியம் சிட்ரேட் என்ற உறைதடுப்பான்தான் ஏற்றது.

நான்காவது, முந்தைய இரவு வரை அவர் தலைவலிக்கு ஐபுப்ரோஃபன் போட்டிருந்தார். அது தட்டணுவின் செயலை ஏறக்குறைய ஒரு நாள் மழுங்கடிக்கும். ஆஸ்பிரின் என்றால் அந்தத் தட்டணுவின் ஆயுள் முழுக்க, 7 முதல் 10 நாள். அறுவைக்குப் பிந்தைய முதல் வாரத்தில் வலி மாத்திரையும் வீக்கத்துக்கு ஸ்டீராய்டும் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் பிஆர்பி போடுவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது போல.

12ஆம் நாள் என்ற தேதியும் சரியில்லை. கிராஃப்ட் பிடித்திருந்தாலும் பொருக்கு உதிர்ந்த தோல் இன்னும் இளசு. அதனடியில் 4 மி.லி. திரவத்தை அழுத்தி ஏற்றும்போது ரத்தக் கசிவும் புது உதிர்வும் வரலாம். நட்ட இடத்தில் ஊசி போடுவதானால் குறைந்தது நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

ஆதாரங்கள் சொல்வது

பிஆர்பிக்கு அறிவியல் அடித்தளமே இல்லை என்பதும் தவறு. தட்டணுவின் ஆல்ஃபா துகள்களில் பிடிஜிஎஃப், விஇஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா, ஐஜிஎஃப்-1 போன்ற வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன. தூண்டியவுடன் பெரும்பகுதி முதல் 10 நிமிடத்திலேயே வெளியாகிவிடும். மயிர்க்காலின் அடியிலுள்ள டெர்மல் பாப்பில்லா செல்கள் பிஆர்பி பட்டால் பெருகுவதை 2012இல் வெளியான ஆய்வகச் சோதனை காட்டியது. பரம்பரை வழுக்கையில் சொந்த முடியின் அடர்த்தியும் தடிமனும் கூடுவதைப் பல சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன. தயாரிப்பு முறை ஆளுக்கொன்று என்பதால் ஒன்றோடொன்று ஒப்பிடக் கடினம். ஆனாலும் மொத்தப் போக்கு சாதகமானதுதான்.

டிரான்ஸ்பிளான்டோடு சேர்த்துச் செய்த ஆய்வுகளைக் கவனித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும்: பேசப்படும் பலன் அறுவை மேசையிலேயே கொடுத்த பிஆர்பியினுடையது. 2006இல் யூபெல் என்ற அறுவை மருத்துவர் 20 ஆண்களிடம் செய்ததில், நடுவதற்கு முன் தட்டணு பிளாஸ்மாவில் நனைத்த கிராஃப்டுகளையும் நனைக்காதவற்றையும் ஒரே தலையில் சதுர செ.மீட்டருக்கு 20 வீதம் நட்டார். ஓராண்டு கழித்து எண்ணியபோது நனைத்த பக்கம் 18.7, மறுபக்கம் 16.4. சுமார் 15 சதவீதக் கூடுதல். 2016இல் வெளியான 40 பேர் ஆய்வில், துளையிட்ட உடனே அந்த இடத்தில் பிஆர்பி ஊசி போட்ட பிரிவில் முடி சீக்கிரம் முளைத்தது. ஆனால் அது 6 மாதக் கணக்கு. 6ஆம் மாதத்தில் முளைக்காத கிராஃப்ட் செத்துப்போனதா, தூங்குகிறதா என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. சீக்கிரம் முளைப்பதும் அதிகம் பிழைப்பதும் வேறு வேறு. விளம்பரங்களில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன.

அறுவைக்குப் பின் மாதா மாதம் போடும் ஊசி கிராஃப்ட் எண்ணிக்கையைக் கூட்டுகிறது என்பதற்கு இந்த அளவுக்குக்கூடப் பிடிமானம் இல்லை. மாறாக, மாத்திரைக்கு இருக்கிறது. 2005இல் 79 ஆண்களிடம் நடந்த ஆய்வில் அறுவைக்கு 4 வாரம் முன்பிருந்து 48 வாரம் பின்பு வரை ஃபினாஸ்டரைடு 1 மி.கி. கொடுத்தார்கள். முன்தலை முடி பார்வைக்கே கூடியவர்கள் மாத்திரைப் பிரிவில் 94 சதவீதம், போலி மாத்திரைப் பிரிவில் 67. நம் நோயாளி இதைத்தான் நிறுத்திவைத்திருந்தார்.

தொடர்ந்து செய்தது

பத்தாவது வாரத்தில் மினாக்சிடில் 5 சதவீதம் 1 மி.லி. காலையும் இரவும் மீண்டும் தொடங்கப்பட்டது. முதல் ஆறு வாரத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டலாம் என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஃபினாஸ்டரைடு 1 மி.கி. தினமும், பாலுறவு நாட்டக் குறைவு, மனச்சோர்வு போன்ற பக்க விளைவுகள் சிலருக்கு வரக்கூடும் என்பதை விளக்கிய பிறகு. புரோஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை எடுக்க நேர்ந்தால் அளவு பாதியாகக் காட்டும் என்ற குறிப்பும் சீட்டில் எழுதப்பட்டது. மீதி பிஆர்பி நான்காவது மாதம் வரை ஒத்திவைப்பு.

ஒத்திவைத்ததற்குக் காரணம் எளிது. 3 முதல் 4 மாதத்தில் நட்ட முடி எப்படியும் முளைக்கப் போகிறது. அந்த வாரத்தில் எதைக் கொடுத்தாலும், வெறும் சலைன் ஊசி போட்டாலும், "போட்டேன், வந்தது" என்று தோன்றும்.

நான்காவது மாதம் நட்ட இடத்தில் மெல்லிய முடி பரவலாக எட்டிப்பார்த்தது. இனி பிஆர்பி வேண்டுமானால் உச்சியின் சொந்த முடிக்குத்தான் என்று பேசி முடிவானது. எண்ணிப் பார்க்க உச்சியில் ஒரு சிறு மைப்புள்ளி பச்சை குத்தி, அதைச் சுற்றி 1 சதுர செ.மீ. கத்தரித்துப் படம் எடுக்கப்பட்டது: 92 முடி, அதில் 38 மெலிந்தவை.

நான்கு, ஐந்து, ஆறாம் மாதங்களில் மூன்று சிட்டிங். ஒவ்வொன்றும் இப்படி:

எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி சோதனை முதலிலேயே. வலி மாத்திரை ஒரு வாரம் கிடையாது, தேவைப்பட்டால் பாராசிட்டமால். 30 மி.லி. சிரிஞ்சில் முதலில் 3 மி.லி. ஏசிடி-ஏ, பிறகு 21 கேஜ் பட்டர்ஃபிளை ஊசியால் 27 மி.லி. ரத்தம். இழுக்கும்போது வேகம் காட்டக் கூடாது. உறிஞ்சும் அழுத்தத்திலேயே தட்டணு தூண்டப்பட்டுக் கட்டியாகும். ஒவ்வொரு 5 மி.லிட்டருக்கும் ஒருமுறை சிரிஞ்சை மெல்லப் புரட்டினால் போதும், குலுக்க வேண்டாம்.

முதல் சுற்று 200 ஜி, 10 நிமிடம். 10 செ.மீ. ஆரமுள்ள எந்திரத்தில் இது ஏறக்குறைய 1,340 ஆர்பிஎம். பிரேக்கை அணைத்துவிட வேண்டும். எந்திரம் சட்டென்று நின்றால் படலம் கலங்கிவிடும். மேலே நிற்கும் பிளாஸ்மா முழுவதையும், கீழே வெள்ளைக் கோட்டை ஒட்டியதையும் சேர்த்து, நீளமான ஊசியால் வேறு டியூபுக்கு மாற்ற வேண்டும். தட்டணு அந்தக் கோட்டுக்கு அருகில்தான் அதிகம். பயந்து 1 செ.மீ. மேலேயே நிறுத்தினால் பாதியை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டாவது சுற்று 700 ஜி, 10 நிமிடம், அதே எந்திரத்தில் 2,500 ஆர்பிஎம். இப்போது தட்டணு அடியில் பொத்தான் போல உட்காரும். மேல் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, அடியில் 4 மி.லி. விட்டு, 5 நிமிடம் சும்மா வைத்துப் பிறகு மென்மையாக அசைத்துக் கரைக்க வேண்டும். ஜெல் டியூப் (அணுக்களைப் பிரிக்கும் ஜெல் உள்ளே இருப்பது) பயன்படுத்துபவர்கள் தவறவிடும் படி இதுவே: தட்டணு ஜெல்லின் மேல் ஒட்டியிருக்க, கரைக்காமல் மேலிருப்பதை எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

கணக்கு: மைக்ரோலிட்டருக்கு 2.2 லட்சம் வீதம் 27 மி.லி. ரத்தத்தில் 594 கோடித் தட்டணு. முதல் சிட்டிங்கில் தயாரான 4 மி.லிட்டரில் இரண்டு சொட்டை எண்ணிப் பார்த்ததில் 8.6 லட்சம், அதாவது மொத்தம் 344 கோடி. 58 சதவீதம் மீட்பு, ரத்தத்தைவிட நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவான செறிவு. ரத்த எண்ணிக்கை எந்திரம் உள்ள எந்த இடத்திலும் இரண்டு நிமிடத்தில் முடியும் வேலை இது. ஆனாலும் மிகச் சிலரே செய்கிறார்கள். போடுவது என்னவென்று தெரியாமல் போட்டுவிட்டு, பலன் வரவில்லை என்றோ வந்தது என்றோ சொல்வதற்கு என்ன அடிப்படை இருக்க முடியும்?

வலி மரக்க நெற்றியிலும் தலையைச் சுற்றிலும் லிக்னோகெய்ன். அதைப் பிஆர்பியுடன் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. கால்சியம் சேர்க்கவில்லை, தோலுக்குள் கொலாஜன் பட்டாலே தட்டணு தூண்டப்படும். சேர்ப்பவர்கள் சிறு சிறு பங்காகக் கலந்து உடனே போட வேண்டும். இல்லாவிட்டால் சிரிஞ்சுக்குள்ளேயே ஜெல்லாக உறைந்து 30 கேஜ் ஊசி அடைத்துக்கொள்ளும்; அழுத்திப் பார்த்தால் ஊசி தெறித்து விலையுயர்ந்த திரவம் சுவரில் போகும்.

1 மி.லி. லூயர் லாக் (ஊசியைத் திருகிப் பூட்டும்) சிரிஞ்ச், 30 கேஜ் ஊசி, 1 செ.மீ. இடைவெளியில் புள்ளிக்கு 0.1 மி.லி. 4 மி.லிட்டருக்கு 40 புள்ளி, 40 சதுர செ.மீ.; உச்சிக்குச் சரியாகப் போதும். தோலுக்குள் போகும்போது எதிர்ப்பு தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் ஊசி கொழுப்புக்கும் கீழே இறங்கிவிட்டது. திரவம் மயிர்க்கால் பக்கம் நிற்காமல் நெற்றிக்கு வடிந்து, மூன்றாம் நாள் கண் இமை வீங்கி நோயாளி பயந்து ஓடிவருவார். தலைக்குக் குளிப்பது மறுநாள்.

தன் ரத்தம்தானே, தொற்று வராது என்ற பேச்சையும் இங்கே ஒதுக்க வேண்டும். 2018இல் நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தில் முகத்துக்குப் பிஆர்பி மைக்ரோநீட்லிங் (நுண்ணூசிகளால் தோலைக் குத்துவது) செய்துகொண்டவர்களுக்கு எச்ஐவி பரவியதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் விவரித்தது. ஒருமுறைப் பொருளைத் திரும்பப் பயன்படுத்துவதும், பெயர் எழுதாத டியூப் மாறிப்போவதும் எங்கும் நடக்கக்கூடியவை. டியூபில் பெயர் எழுதுவது ரத்தம் எடுத்த நாற்காலியிலேயே, நோயாளி பார்க்க.

தட்டணு 1 லட்சத்துக்குக் கீழ் உள்ளவர்கள், ரத்தம் உறையாமைக் கோளாறு உள்ளவர்கள், தலையில் சீழ்த் தொற்று உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இது வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அதை பிஆர்பிக்காகத் தாமாக நிறுத்தக் கூடாது.

பின்தொடர்ந்து பார்த்தது

ஆறாம் மாதம் முன்தலை பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. 12ஆம் மாதம் நட்ட இடத்தில் மூன்று இடங்களில் எண்ணியதில் சதுர செ.மீட்டருக்கு 29 முதல் 31 கிராஃப்ட். நட்டது சராசரி 34 என்றால் ஏறத்தாழ 88 சதவீதம். மேசையில் கிடந்த மணி நேரத்துக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவே இது. அந்த இடத்துக்கு ஒழுங்காகத் தயாரித்த பிஆர்பி ஒரு துளிகூடப் போகவில்லை. முதல் இரண்டு சிட்டிங்கில் போனது தெளிந்த பிளாஸ்மா. 64ஆம் நாள் "தோல்வி" என்று பயந்த அதே கிராஃப்டுகள்தாம் இவை.

உச்சியில் மைப்புள்ளியைச் சுற்றி 108 முடி, அதில் மெலிந்தவை 30. முன்னேற்றம் உண்மை. எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது: ஷாக் லாஸில் போனது திரும்பி வந்தது, மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு, மூன்று பிஆர்பி என நான்கும் ஒரே எட்டு மாதத்துக்குள். இதிலிருந்து பிஆர்பிக்குப் பாராட்டுப் பத்திரம் எழுதினால் மற்ற மூன்றின் கூலியைத் திருடியதாகும். ஒரு பக்க உச்சிக்கு மட்டும் போட்டு மறுபக்கத்தை விட்டிருந்தால் கொஞ்சம் தெரிந்திருக்கும்; அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு சிட்டிங் வேண்டுமா என்று கேட்டார். மாத்திரையும் லோஷனும் ஒழுங்காக நடக்கும் வரை அவசரமில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் நிறுத்த நேர்ந்தால் அப்போது பிஆர்பிக்கு இடம் பெரிதாகும் என்று முடிவாயிற்று. பெண் நோயாளிகளிடமும், ஃபினாஸ்டரைடை விரும்பாத இளைஞர்களிடமும் இந்த எடை வேறாக விழும்.

உச்சிக்கு இரண்டாம் அமர்வு 15ஆம் மாதத்தில் திட்டமிடப்பட்டுள்ளது, 1,200 கிராஃப்ட். எடுப்பதும் நடுவதும் 400, 400 ஆகப் பிரித்து. எந்தக் கிராஃப்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்காது. இந்த முறை பிஆர்பி மேசையிலேயே. அறுவைக்கு முன்னரே உச்சியின் வலமும் இடமும் ஒவ்வொரு மைப்புள்ளி வைக்கப்படும். வலப்புள்ளியைச் சுற்றி 4 சதுர செ.மீட்டரில் நடும் கிராஃப்டுகள் பிஆர்பியில் நனைந்து போகும், இடப்புள்ளியைச் சுற்றி அதே எண்ணிக்கை குளிர்ந்த சலைனிலிருந்து. இதற்கு அவர் ஒத்துக்கொண்டார். எண்ணுவது, நட்டு 18 மாதம் ஆன பிறகு, எந்தப் பக்கம் எது என்று தெரியாத ஒருவர்.